கம்பித் தண்ணீருக்கு நாற்றம் கிடையாது

ஜனவரி 9

அக்காவுக்கு,

என் நம்பரை நீ போனில் தடுத்து வைத்திருப்பது தெரியும். மூன்று வாரமாக அடிக்கிறேன், ஒரு மணியோடு அறுந்துபோகிறது. அத்தானைக் கூப்பிட்டால், "அவ குளிச்சிட்டிருக்கா" என்கிறார். மூன்று வாரமாகவா குளிக்கிறாய்? அதனால்தான் இந்தக் கடிதம். கிழித்துப் போடுவதென்றாலும் கையில் எடுத்துத்தானே ஆக வேண்டும், அதற்குள் நாலு வரியாவது கண்ணில் படும்.

வேலையில் சேர்ந்துவிட்டேன். நகராட்சி, குடிநீர்ப் பிரிவு, களப் பரிசோதகர். வயது வரம்பின் கடைசி வருடத்தில் கதவு சாத்துவதற்குள் நுழைந்தவன் நான்தான். என்னோடு சேர்ந்த பிள்ளைகள் முதல் நாள் என்னை அதிகாரி என்று நினைத்து எழுந்து நின்றார்கள். நானும் அவர்களைப் போலத்தான் என்று தெரிந்ததும் உட்கார்ந்துகொண்டு சிரித்தார்கள்.

எனக்குக் கொடுத்திருக்கும் மேசை கழிவறைக்கு அடுத்தது. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு, அதுவும் அடிப்பக்கம் உளுத்துப்போய் ஒரு சாண் இடைவெளி. தாழ்ப்பாள் கிடையாது, போகிறவர்கள் உள்ளேயிருந்து இருமுவார்கள். முதல் நாள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன், அப்படியே மூடிவிட்டேன். ஒரு வாரம் மாடிப்படியில் நின்று சாப்பிட்டேன். பத்தாவது நாள் மேசையிலேயே முழு டப்பாவையும் காலி செய்திருக்கிறேன், நடுவில் ஒருமுறைகூட மூக்கைப் பிடிக்கவில்லை. மூக்கு செத்துவிட்டது. இதைச் சொன்னால் உன் தம்பி பெண்டாட்டி, "முதல்ல போய்க் குளிங்க" என்று வாசலிலேயே நிறுத்துகிறாள்.

தலைமை எழுத்தர் ஒருவர் இருக்கிறார். ரப்பர் முத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிவதால் எல்லோரும் அவரை முத்திரை என்றே சொல்கிறார்கள். பைக்குக் கீழே நிரந்தரமாக ஒரு ஊதாக் கறை.

இவ்வளவு அழுக்குக்கு நடுவிலும் நான் நிம்மதியாக இருக்கிறேன் என்றால் நம்பு. நம் ஃபில்டர் கம்பெனிக்காகப் பதினெட்டு வருடம் டை கட்டிக்கொண்டு அடுத்தவர் சமையலறைக்குள் போய், ஒரு தம்ளரில் அவர்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் நம் ஃபில்டர் தண்ணீர், இரண்டிலும் கம்பிகளை விட்டு, கரண்டில் சொருகி, குழாய்த் தண்ணீர் மட்டும் பழுப்புச் சேறாகத் திரண்டு வருவதைக் காட்டி, "இதைத்தாங்க குழந்தைக்குக் குடுக்கறீங்க" என்று சொன்னவன் நான். அந்தச் சேறு தண்ணீரில் இருந்ததே இல்லை, கம்பியிலிருந்து கரைந்த இரும்பு என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். ஒரு தாய் என் எதிரிலேயே தன் வாயில் அடித்துக்கொண்டு அழுதாள். அன்றைக்கும் நான் ஆர்டர் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

நீ கம்பெனியில் சேர்ந்த இருபத்தைந்தாம் வருட விழாவில், இருநூறு பேர் முன்னால், நம் ஃபில்டர் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கம்பியை விட்டேன். அதுவும் சேறாகத்தான் வந்தது. ராஜினாமாவை மேடையிலேயே வைத்துவிட்டு இறங்கினேன். அதற்கு மன்னிப்பு கேட்கமாட்டேன். உன்னைப் பார்க்காமல் இறங்கிப் போனதற்கு வேண்டுமானால் கேட்கிறேன்.

தம்பி

———

ஜனவரி 20

தம்பிக்கு,

கிழிக்கவில்லை. அத்தான் சத்தமாகப் படித்தார், நான் துணி மடித்துக்கொண்டே கேட்டேன். கழிவறை வந்த இடத்தில் மட்டும் சிரித்தேன், அதை ஒப்புக்கொள்கிறேன்.

மேடையில் எத்தனையோ தம்ளர் இருந்தது. நீ உப்பைப் போட்டது எனக்கு வைத்திருந்த தம்ளரில். கேடயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல், அந்தப் பழுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கம்பெனித் தலைவர் மைக்கைப் பிடித்து, "குடும்பத்துக்குள்ள ஏதோ மனஸ்தாபம் போலிருக்கு" என்றார். கூட்டம் சிரித்தது. மறுவாரமே நான் வகுப்பெடுக்கிற பயிற்சி அறையைப் பிடுங்கிக்கொண்டு, பழைய ஃபில்டர்களைக் குவித்து வைக்கும் அறையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். ஜன்னல் கிடையாது. உன் கழிவறைக்காவது கீழே ஒரு சாண் காற்று வருகிறது.

இருபத்தாறு வயதில் என் வீட்டு சோஃபாவில் படுத்துக் கிடந்த ஆளை எழுப்பி, சட்டை வாங்கிக் கொடுத்து, கையில் அந்தக் கம்பியைக் கொடுத்தவள் நான். என் இரண்டு பெண்களும் அதில்தான் படித்தார்கள். உன் வீட்டுக்கும் அதுதான் கூரை போட்டது. கம்பியின் சூட்சுமம் உனக்கு இரண்டாவது வருடமே தெரியும், நான்தான் சொன்னேன். அருவருப்பு வர உனக்குப் பதினாறு வருடம் ஆகியிருக்கிறது. வந்த அன்றைக்கே அதை எடுத்து என் தலையில் கொட்டிவிட்டு, நீ சுத்தமாகிவிட்டாய்.

சரி, போ. பொய் சொல்லாமல் உட்காரக்கூடிய நாற்காலி ஒன்று அந்த அலுவலகத்தில் கண்ணில் பட்டால் எழுது. நானும் வந்து ஒரு ஓரமாக உட்காருகிறேன்.

அக்கா

———

மார்ச் 11

அக்காவுக்கு,

இதை நீ உட்கார்ந்து படிக்க வேண்டும்.

அச்சகத்துக்குப் பின்னால் ஒரு முட்டுச்சந்து, முப்பத்தோரு வீடு. அங்கிருந்து ஒரு தையல்காரம்மா இதோடு மூன்றாவது முறையாக வந்தாள். முதல் இரண்டு முறை முத்திரை, "மனு எழுதிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். இன்றைக்கு மனுவோடு ஒரு ஜாம் பாட்டிலையும் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். உள்ளே பழுப்புத் தண்ணீர். அவள் வாயைத் திறப்பதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. பதினெட்டு வருடம் நான் தினமும் பார்த்த நிறம், அக்கா. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

"டை கட்டின ஆளு யாராவது வீட்டுக்கு வந்து கம்பி வச்சுக் காட்டினானா?" என்று கேட்டேன். அவள் திகைத்துப்போய், "போன வருஷம் ஒருத்தர் வந்தாருங்க. நாங்க வாங்கல" என்றாள். போதாதா? வாங்காதவர்களைப் பயமுறுத்தி நகராட்சி மேல் ஏவிவிடுவது, பிறகு நகராட்சித் தண்ணீர் மோசம் என்று ஊரெல்லாம் சொல்லி விற்பது. உங்கள் பயிற்சிப் புத்தகத்தில் இது எத்தனையாவது பாடம்?

"மோந்து பாருங்க சார்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த மேசையில் உட்கார்ந்து நான் எதை மோந்து பார்ப்பது? சிரித்துக்கொண்டே எழுந்துபோய் பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்தேன். கோப்பில் எழுதினேன்: "பொய்ப் புகார். விற்பனையாளர் தூண்டுதல். பரிசோதனை தேவையில்லை." கையெழுத்தும் போட்டேன். முத்திரைக்கு வாயெல்லாம் பல். "சார், உங்களை மாதிரி விஷயம் தெரிஞ்ச ஆளு இந்தப் பிரிவுக்கு இதுவரை வந்ததில்ல" என்றார்.

பாட்டிலைக் கழுவி என் பேனாக்களைப் போட்டு வைத்திருக்கிறேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. உன் ஆட்களின் பொய்யை முதல் தடவையாக எதிர்ப்பக்கத்தில் நின்று தடுத்திருக்கிறேன். இன்றைக்கு எனக்குத் தூக்கம் நன்றாக வரும்.

தம்பி

———

மார்ச் 19

தம்பிக்கு,

உன் நம்பரைத் தடுப்பிலிருந்து எடுத்துவிட்டு இன்றைக்கு நாலு தடவை கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. இப்போது நீ குளிக்கிறாயா?

சண்டையை ஓரமாக வை. நான் சொல்வதைக் கேள். உன் ஊரில் போன வருடம் ஜூலையிலிருந்தே எங்களுக்கு ஆள் கிடையாது. பதிவேட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அங்கே இருந்தவன் வேலையை விட்டுப் போய்விட்டான், புது ஆள் போடவில்லை. யாரும் அவளை ஏவவில்லை.

இன்னொன்று, இதை நான் உனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன், மறந்துவிட்டாய். கம்பித் தண்ணீருக்கு நாற்றம் கிடையாது. பத்து நிமிடம் வைத்தால் செதில் செதிலாக அடியில் படியும், மேலே தெளிந்துவிடும். வீட்டிலிருந்து பாட்டிலில் பிடித்து, நடந்து வந்து, உன் வாசலில் காத்திருந்து, அதற்குப் பிறகும் அது பழுப்பாகவே இருந்தது என்றால் அது கம்பித் தண்ணீர் இல்லை. அந்தப் பெண் மோந்து பார்க்கச் சொன்னாள். நிறத்தைப் பாருங்கள் என்றுகூட அவள் சொல்லவில்லை, பார்த்தாயா?

இன்றைக்கே போ. குழாயில் நீயே பிடி. அந்த மேசையைவிட்டு வெளியே, தெருவில் நின்று மோந்து பார்.

அக்கா

———

ஏப்ரல் 6

அக்காவுக்கு,

நீ கூப்பிட்டதைப் பார்த்தேன். திட்டத்தான் கூப்பிடுகிறாய் என்று எடுக்கவில்லை. கடிதம் மார்ச் 21ஆம் தேதி வந்தது. அதையும் பிரிக்கவில்லை. நான்தான் ஜெயித்திருக்கிறேன், நீ என்ன சமாதானம் சொன்னாலும் பத்து நாள் கழித்துப் படிக்கலாம் என்று இழுப்பறையில் போட்டேன்.

24ஆம் தேதி காலையில் அந்தச் சந்திலிருந்து ஆறு பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் பத்தொன்பது. வாந்தியும் பேதியும். எல்லோருக்கும் முன்னால், 21ஆம் தேதியே படுத்தவர் தையல்காரம்மாவின் கணவர். சரக்கு ஏற்றி இறக்குகிற ஆள், நல்ல திடமான உடம்பாம். 25ஆம் தேதி இறந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் உன் கடிதத்தைப் பிரித்தேன்.

சந்து முனையில் தோண்டினோம். சாக்கடைக் குழாய்க்கு அடியிலேயே குடிநீர்க் குழாய், இணைப்பில் என் முழங்கை நுழையும் அளவுக்கு விரிசல். மாதக்கணக்கில் ஊறியிருக்கிறது. உள்ளே கறுப்பாகக் கொழகொழவென்று படிந்திருந்ததைக் குழாய் பிட்டர் கையால் வழித்துப் போட்டான். எனக்கு அங்கேயே வாந்தி வந்தது. செத்துப்போன மூக்கு அன்றைக்குப் பார்த்து உயிரோடு வந்தது. இப்போது குழாயை மாற்றிவிட்டோம், தண்ணீர் சுத்தமாக இருக்கிறது. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மீதியையும் சொல்கிறேன். முத்திரை என் குறிப்பைக் கோப்பிலிருந்து உருவிவிட்டு, தட்டச்சு செய்த வேறு தாளை வைத்தார். "மார்ச் 12 அன்று வீட்டுக் குழாயில் மாதிரி எடுத்துப் பரிசோதிக்கப்பட்டது. நீர் தரமாக உள்ளது. வீட்டில் நீர் சேமிக்கும் டிரம் சுத்தமற்ற நிலையில் காணப்பட்டது." குழாய் உடைந்தது 23ஆம் தேதி, லாரி ஏறியதால் என்று இன்னொரு தாள். கணக்கு சரியாகிவிட்டது பார். மற்றவர்களுக்குக் குழாய். அதற்கு முன்னாலேயே படுத்தவருக்கு டிரம். "மூணே வரி சார். உங்க வேலையும் நிக்கும், இன்ஜினியர் வேலையும் நிக்கும்" என்றார் முத்திரை. பேனா என் கையில் இல்லை. ஜாம் பாட்டிலிலிருந்து அவரே எடுத்துக் கொடுத்தார். போட்டேன்.

அதோடு விடவில்லை. பேச்சு ஒன்றாக இருக்க வேண்டும் என்று என்னைத் தையல்காரம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். போனேன். கதவோரம் நீல டிரம் இருந்தது. "தண்ணி நல்லாத்தாங்க இருந்துச்சு, டிரம்மைச் சரியா கழுவாததுதான் காரணம்" என்று சொன்னேன். அந்தம்மா திரும்பி டிரம்மைப் பார்த்தார். அன்றிலிருந்து தினமும் அதை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கிறாராம், கைத்தோல் உரிந்துவிட்டதாம், ஊசி பிடிக்க முடியவில்லையாம். எதிர்வீட்டுக்காரர்கள் அவர் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை.

இந்த மாதம் 28ஆம் தேதி விசாரணை அதிகாரி வருகிறார். அந்தப் பாட்டிலைச் சோதிக்காமல் கொட்டியதற்கு இந்த உலகத்தில் இப்போது ஒரே ஒரு தாள்தான் மிச்சம். நான் உனக்கு மார்ச் 11ஆம் தேதி எழுதியது. அதைக் கிழித்துவிடு, அக்கா. கேட்கும்போதே எனக்கு என்னைப் பிடிக்கவில்லை. ஆனாலும் கிழித்துவிடு.

தம்பி

———

ஏப்ரல் 13

தம்பிக்கு,

கிழிக்க மாட்டேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கை கழுவினேன். நிஜமாகவே எழுந்துபோய் சோப்புப் போட்டுக் கழுவினேன். அத்தான் என்ன என்று கேட்டார், மறுபடியும் சோப்பை எடுத்தேன்.

நான் செய்வது பொய்தான். இருநூறு பேர் முன்னால் நீ நிரூபித்தாய், நான் மறுக்கவில்லை. ஆனால் என் பொய்யை நம்பி எந்தப் பெண்ணும், புருஷனைத் தானே கொன்றதாக நினைத்துக்கொண்டு டிரம்மைத் தேய்க்கவில்லை. நீ அவள் வீட்டுக்குள் போய், அவள் புருஷன் செத்த வீட்டில் நின்று, கை நீட்டிக் காட்டியிருக்கிறாய். கம்பி இல்லாமலே சேறு காட்டியிருக்கிறாய். எங்கள் ஆட்களுக்குக்கூட இது வராது.

உளறிக்கொட்டியது நீ, கையெழுத்துப் போட்டது நீ, எனக்கு ஏன் இந்தக் கிழிக்கிற வேலை? கடிதம் பத்திரமாக இருக்கிறது.

அக்கா

———

ஏப்ரல் 18

அக்காவுக்கு,

இன்றைக்கு அந்தச் சந்துக்குப் போயிருந்தேன், மாதிரி எடுக்க. முப்பத்தோரு வீட்டில் இருபத்தேழு வீட்டுச் சுவரில் புது ஃபில்டர். நம் கம்பெனி. உன் கம்பெனி. டை கட்டிய இரண்டு பேர் ஏழாம் தேதி காலையில் வந்து இறங்கினார்களாம். வீடு வீடாகக் கம்பி வைத்துக் காட்டினார்களாம். மாற்றிய புதுக் குழாயில் வருகிற நல்ல தண்ணீரில்.

ஜூலையிலிருந்து ஆளே இல்லை என்று எழுதினாயே. அந்தச் சந்து செய்தித்தாளில் வரவில்லை, வராமல் முத்திரை பார்த்துக்கொண்டார். வெளியூரில் அதைப் பற்றித் தெரிந்தது உனக்கு மட்டும்தான். மார்ச் கடிதத்தில் நான்தானே வழி சொல்லிவிட்டேன், அச்சகத்துக்குப் பின்னால், முப்பத்தோரு வீடு என்று எண்ணிக்கையோடு.

தையல்காரம்மாவும் வாங்கியிருக்கிறார், தவணையில். தையல் மெஷினுக்கு மேலே, அவர் கணவரின் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள்.

கை கழுவினாயாமே. எந்தத் தண்ணீரில்?

தம்பி

———

ஏப்ரல் 22

தம்பிக்கு,

ஆமாம். நான்தான் சொன்னேன்.

உன் மார்ச் கடிதம் வந்ததுமே எனக்குச் சந்தேகம். நீ போனை எடுக்கவில்லை. மார்ச் மாத முடிவில் கிளை மேலாளரிடம், அந்தச் சந்தில் தண்ணீர் கெட்டிருக்கிறது, போய்ப் பாருங்கள் என்று சொன்னேன். பாவம், நல்ல தண்ணீராவது குடிக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் உண்மைதான். ஆனால் போகிறவன் கையில் கம்பி இருக்கும் என்பது தெரிந்தேதான் சொன்னேன். ஒரே வாரத்தில் இருபத்தேழு என்று தலைவர் கூப்பிட்டுப் பாராட்டினார். பயிற்சி அறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஜன்னல் இருக்கிறது. இரண்டு நாளாக நான் அதைத் திறக்கவில்லை.

நீ இதைவிடக் கேவலமாக எழுதியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

நான் வேலையை விடப்போவதில்லை. ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கிறது, மேடையில் ஏறி உப்புப் போடுகிற ஆள் நான் இல்லை. கம்பி வகுப்பை மட்டும் இனி எடுக்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது, வேறு ஒருத்தி எடுப்பாள். பெருமைக்காகச் சொல்லவில்லை, தெரிந்துகொள் என்று சொல்கிறேன்.

உன் மார்ச் 11 கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஒரு வெற்று உறையில் போட்டிருக்கிறேன். ஒட்டவில்லை, முகவரி எழுதவில்லை. நகலும் எடுக்கவில்லை, என் பெண்கள் மேல் ஆணை. விசாரணை அதிகாரி பெயரை எழுதலாம். அந்தப் பெண்ணின் பெயரை எழுதலாம். உன் கழிவறையில் போட்டுத் தண்ணீரும் ஊற்றலாம், தண்ணீர் வந்தால். எதைச் செய்தாலும் எனக்கு எழுது. பொய்யாக மட்டும் எழுதாதே, நமக்குள்ளாவது.

அக்கா

———

ஏப்ரல் 27

அக்காவுக்கு,

உறை மூன்று நாள் என் பையில் இருந்தது. நேற்று மதியம் கழிவறைக்குள் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வெளியே முத்திரை, "சார், நாளைக்கழிச்சு விசாரணை, என்ன சொல்லணும்னு ஒரு தடவ பேசிக்கலாமா" என்று கூப்பிட்டார். குரலில் அத்தனை பிரியம். உறையைப் பைக்குள் திணித்தேன். வெளியே வந்துவிட்டேன்.

இன்று காலை பத்து மணிக்கு அந்தச் சந்துக்குப் போனேன். டிரம் வாசலில் வெயிலில் இருந்தது, தேய்த்துத் தேய்த்து நீலம் வெளுத்துவிட்டது. தையல்காரம்மா மெஷினில் உட்கார்ந்திருந்தார், இரண்டு விரலில் துணி சுற்றியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "இப்ப தினம் கழுவறேன் சார்" என்றார். நான் என்னவெல்லாமோ சொல்ல நினைத்துப் போயிருந்தேன், அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் போய்விட்டது. உறையை நீட்டினேன்.

நின்றபடியே படித்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர், நேரம் ஆயிற்று. மோந்து பார்க்கச் சொன்னதற்கு நான் சிரித்தேன் என்று எழுதிய இடத்தில் நிறுத்தி, என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு கடைசிவரை படித்தார். பேனாக்கள், தூக்கம் எல்லாம்.

"இது யாருக்கு எழுதினது?"

"எங்க அக்காவுக்கு."

"அவங்களும் சிரிச்சாங்களா?"

"இல்லம்மா. உடனே போய்ப் பாருன்னு எழுதினாங்க. நான்தான் பிரிச்சுப் பாக்கல."

வாசலில் இருந்த டிரம்மைப் பார்த்தார். பிறகு, "அப்ப டிரம் இல்ல" என்றார்.

"இல்லம்மா."

"நீங்கதான சார் வந்து டிரம்முன்னு சொன்னீங்க."

"பொய் சொன்னேன்."

அவர் அழுவார் என்று நினைத்தேன், அடிப்பார் என்றும் நினைத்தேன். இரண்டும் இல்லை. உட்கார்ந்தார். விரலில் சுற்றியிருந்த துணியை மெதுவாகப் பிரித்தார், உள்ளே தோல் இல்லாத இடம் சிவப்பாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு, "எதிர்வீட்ல சொம்பைக்கூட திருப்பி அனுப்பிச்சாங்க" என்றார். என்னிடம் சொன்னது மாதிரி இல்லை.

கடிதத்தை நான் விசாரணை அதிகாரியிடம் கொடுக்கிறேன் என்று கையை நீட்டினேன். "வேணாம். நான் குடுத்துக்கறேன்" என்று, தைத்துக்கொண்டிருந்த ரவிக்கைத் துணிக்குள் மடித்து வைத்துக்கொண்டார். அது சரிதான். நாளைக்கு அவரே வருவார். அதோடு என் வேலை முடிந்தது, முத்திரையின் வேலையும் முடியலாம், முடியாமலும் போகலாம், அந்த ஆளுக்கு இன்னும் எத்தனையோ தாள் தெரியும். எனக்கு வேலை போனதென்று கம்பெனியில் எனக்காக யாரிடமும் பேசிவைக்காதே.

எழுந்தவன் சும்மா வந்திருக்கலாம். சுவரில் இருந்த ஃபில்டரைப் பார்த்துவிட்டு, "இது தேவையே இல்லம்மா, திருப்பிக் குடுத்துடுங்க. திங்கக்கிழமை நானே சோதிச்சேன், தண்ணி நல்லா இருக்கு" என்றேன்.

"போன தடவையும் இதத்தான் சொன்னீங்க" என்றார்.

அக்கா, நான் பதினெட்டு வருடம் சொன்ன பொய்யை எல்லோரும் நம்பினார்கள். இன்றைக்குச் சொன்னது உண்மை.

வாசலுக்கு வந்ததும் கூப்பிட்டார். "என் பாட்டில் உங்ககிட்டதான இருக்கு? கொண்டாங்க." அலுவலகத்துக்குப் போய் பேனாக்களை மேசையில் கொட்டிவிட்டு, மூடியையும் தேடி எடுத்து, மூன்று தடவை கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு திரும்பிப் போனேன். வாங்கிக்கொண்டு சந்து முனைக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். நாங்கள் தோண்டி அள்ளிப் போட்ட மண் ஒரு மாதமாக அங்கேயே குவிந்து கிடக்கிறது, கறுத்து, ஈ மொய்த்து. அள்ளிப்போட நகராட்சி வண்டி வரவில்லை. அவர் குனிந்து அதில் பாட்டிலை அழுத்திப் பாதி நிரப்பினார். பக்கத்தில் இருந்த தெருக்குழாயைத் திறந்து மேலே தண்ணீர் பிடித்தார். மூடிக் குலுக்கி, மூடியைக் கழற்றி, என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அன்னிக்கு மோந்து பாக்கல இல்ல, இன்னிக்குப் பாருங்க."

சன்னமான குரலில்தான் சொன்னார். இரண்டு மூன்று வீட்டு வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள். பாட்டிலை இரண்டு கையாலும் வாங்கி மூக்கோடு வைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. போதும் என்று அவர் சொல்லும்வரை மூக்கை எடுக்கவில்லை. சொல்ல அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

தம்பி